பத்து விநாடி பார்க்க ஒரு மாதத் திட்டம்

பட்டிமன்றத் தலைப்பு: ஒரு நாள் வெளியூர்ப் பயணத்தில் மகிழ்ச்சி தருவது திட்டமிட்டுப் போவதா? நினைத்தவுடன் புறப்படுவதா?

"திட்டமிட்டுப் போவதே!" அணியின் இரண்டாவது பேச்சாளர்: திண்டிவனத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியை
(விழுப்புரத்தில் பதிவு செய்யப்பட்டது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! "இந்தம்மா என்ன பெரிசா பேசிவிடப் போகிறது" என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) விழுப்புரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, எனக்காகத் திண்டிவனத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் என் தெருக்காரர்களே! வீட்டில் அமர்ந்து இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு உள்ளங்களே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். ராத்திரி பத்து மணிக்கு ஆசை வந்ததாம். விடிஞ்சா செஞ்சிக் கோட்டையில இருந்தாராம். கையில சீப்புகூட இல்லையாம். ஆனா அப்படியொரு சந்தோஷமாம். நானும் கை தட்டினேன். ஆனா தம்பி, ஒண்ணு யோசிக்க வேண்டாமா? செஞ்சிக் கோட்டை நகராது! இன்னிக்குப் போனாலும் ராஜகிரி அங்கதான் இருக்கும், அடுத்த வருஷம் போனாலும் அங்கதான் இருக்கும். மயிலம் முருகன் மலையை விட்டு இறங்கி எங்கேயும் போயிடப் போறதில்லை. நகராததைப் பார்க்கத் திட்டம் எதுக்கு? ஓடுறதைப் பார்க்கப் போய்ப் பாருங்க, அப்பத் தெரியும் திட்டத்தோட அருமை! (கைதட்டல்)

நடுவர்: ஓடுறதுன்னா என்னம்மா? நம்ம ஊர் பஸ்ஸா? (சிரிப்பு)

பஸ்ஸு நின்னாலும் நிக்கும் ஐயா. நான் சொல்றது மராத்தான் ஓட்டம். சென்னையில ஜனவரி மாசம் ஆயிரக்கணக்கானவங்க விடியற்காலையில ஓடுறாங்களே, அது. அதை ஓடப் போன கதை இல்லை. பார்க்கப் போன கதை. ஒரு வருஷம் திட்டமில்லாம போனோம், மறு வருஷம் திட்டம் போட்டுப் போனோம். ரெண்டையும் அனுபவிச்சவ நான். அதனால எதிரணிக்கும் நானே சாட்சி, என் அணிக்கும் நானே சாட்சி! (சிரிப்பு, கைதட்டல்)

முதலில் மராத்தான் என்றால் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 42 கிலோமீட்டர் 195 மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். இந்த விழுப்புரத்திலிருந்து எங்கள் திண்டிவனம் சுமார் 38 கிலோமீட்டர். முண்டியம்பாக்கம் தாண்டி, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி, திண்டிவனம் போய்ச் சேர்ந்து, "அப்பாடா" என்று உட்காராமல், சென்னை ரோட்டில் இன்னும் நாலு கிலோமீட்டர் போக வேண்டும். பஸ்ஸில் போனாலே நமக்கு இடுப்பு வலிக்கிறது. அதை அவர்கள் காலால் ஓடுகிறார்கள்! (கைதட்டல்)

1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் மராத்தான் நடந்தது. அப்போது தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில், வின்ட்சர் அரண்மனையில் புறப்பட்டு, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருக்கிற மேடைக்கு எதிரில் முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். அது 42.195 கிலோமீட்டர் வந்தது. 1921-இல் அந்தத் தூரத்தையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்து ஓடுகிறவர்களுக்குத் தூரம் வகுத்த பந்தயம் இது. ஆகவே பார்க்கிறவர்களைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்! (சிரிப்பு)

இப்ப என் கதைக்கு வர்றேன். எனக்கு ஒரே பொண்ணு. சென்னையில வேலை. ரெண்டு வருஷமா ஓடப் பழகிட்டிருந்தா. எங்க வீட்டுக்காரருக்கு அது பிடிக்கலை. "பொம்பளப் புள்ளை, பேன்ட்டு சட்டை போட்டுக்கிட்டு, விடியாத நேரத்துல நடுரோட்டுல ஓடுறதா?" அப்படிம்பார். அவரை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்றது? 1967-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண் 261-ஆம் எண்ணைக் குத்திக்கொண்டு ஓடினார். போட்டி நடத்துகிறவரே நடு ரோட்டில் ஓடி வந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் வந்ததே 1984-இல்தான். உலகத்துக்கே புரிய அவ்வளவு நாள் ஆச்சு. எங்க வீட்டுக்காரருக்குப் புரிய ரெண்டு வருஷம் ஆகாதா? (சிரிப்பு)

2024 ஜனவரி 6, சனிக்கிழமை, சென்னை மராத்தான். முதல் நாள் ராத்திரி வரைக்கும் போறதா இல்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது திடீர்னு சொல்றார்: "ஏம்மா, போய்ப் பார்த்துட்டுத்தான் வருவமே." எதிரணி நண்பர்களே, நீங்க சொல்ற அதே ஆசை! நினைச்சவுடனே புறப்பட்டோம். நான் அவசரமா எலுமிச்சம்பழச் சோறு கிண்டினேன். அவசரத்துல உப்பை மறந்தேன். (சிரிப்பு) ராத்திரி பஸ் ஏறினோம். பொண்ணுகிட்டயும் சொல்லலை. சர்ப்ரைஸாம்!

நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்துல இறங்கினோம். ஐயா, இருட்டு. ஆயிரக்கணக்கான பேர். எல்லாரும் ஒரே மாதிரி பனியன். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் நம்ம பிள்ளை மாதிரியே இருக்கு. விசில் அடிச்சாங்க, ஆறு வெள்ளம் மாதிரி ஓடினாங்க, ரோடு காலியாயிடுச்சு. "பார்த்தியா?" "நீங்க பார்த்தீங்களா?" அவ்வளவுதான்! (சிரிப்பு)

சரி, முடியற இடத்துக்குப் போவோம்னா, அது ஈ.சி.ஆர். ரோட்டுல எங்கயோ இருக்கு. ஆட்டோக்காரர், "அந்தப் பக்கம் ரோடு மூடியிருக்கும்மா" அப்படின்னுட்டார். சுத்திச் சுத்திப் போய்ச் சேர்ந்தப்ப, பந்தல் பிரிக்கிறாங்க. என் பொண்ணு ஒரு ஓரமா, காலை நீட்டித் தரையில உட்கார்ந்திருக்கா. கழுத்துல மெடல். அதைப் போட்டோ எடுக்கக்கூட யாரோ முன்பின் தெரியாதவங்ககிட்டதான் போனைக் கொடுத்திருக்கா.

எங்களைப் பார்த்ததும் சிரிச்சா. "பரவாயில்லப்பா, வந்தீங்களே" அப்படின்னா. திரும்பி வரும்போது எங்கிட்ட மட்டும் மெதுவா சொன்னா: "முப்பதாவது கிலோமீட்டர்ல காலு நின்னுடுச்சும்மா. எல்லாருக்கும் யாரோ வந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. என்னை யாராவது கூப்பிட மாட்டாங்களான்னு சுத்திப் பார்த்தேன்."

(அரங்கில் அமைதி)

ஐயா, நாங்க அன்னிக்குச் சென்னையிலதான் இருந்தோம். ராத்திரி பூராத் தூங்காம, பிள்ளையைப் பார்க்கணும்னுதான் போனோம். ஆசை இருந்தது, பாசம் இருந்தது, பஸ்ஸுக்குக் காசு இருந்தது. இல்லாதது ஒண்ணே ஒண்ணு. அவ எந்த நேரத்துல எந்த இடத்துல இருப்பா, அப்ப அவளுக்கு என்ன தேவைன்னு ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிக்கலை. அதுக்குப் பேர்தான் திட்டம். (பலத்த கைதட்டல்)

நடுவர்: உப்பில்லாத எலுமிச்சைச் சோறு என்னாச்சும்மா?

ஓடி முடிச்ச வயித்துக்கு அது ஒத்துக்கலைங்க ஐயா. நாங்களே சாப்பிட்டோம். அதுவும் திட்டமில்லாததோட பலன்தான்! (சிரிப்பு)

மறு வருஷம், 2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை ஒரு மாசத்துக்கு முன்னாலேயே திட்டம். போடறது யாரு? எங்க வீட்டுக்காரர்! நோட்டுப் புத்தகம், ஸ்கேல், சிவப்புப் பேனா. நான் கணக்கு டீச்சர். அவர் எங்கிட்ட டியூஷன் எடுத்துக்கிட்டார். (சிரிப்பு)

அந்தக் கணக்கைச் சொல்றேன், யாருக்காவது உதவும். என் பொண்ணு ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் எடுப்பா. நாலு மணிக்குப் புறப்பாடுன்னு வச்சுக்குங்க. முப்பது கிலோமீட்டருக்கு 210 நிமிஷம், அதாவது மூன்றரை மணி நேரம். ஏழரை ஆச்சா? கூட்டத்துல கோட்டைத் தாண்டவே அஞ்சு நிமிஷம். களைப்புல ஒரு பத்து நிமிஷம். ஆக, 7.45. நாங்க 7.20-க்கு அங்க நிக்கணும், 8 மணி வரைக்கும் நகரக்கூடாது. முடிவுக் கோட்டுக்கு 42.195-ஐ ஏழால பெருக்கினா 295 நிமிஷம். அதோட அந்தக் கால் மணி நேரத்தைக் கூட்டினா 9.10. நடுவுல நமக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு. பதறாம போய்ச் சேரலாம்.

ஏன் முப்பதாவது கிலோமீட்டர் என்று கேட்பீர்கள். நம் உடம்பு சோற்றிலிருந்து எடுக்கிற சர்க்கரையைத் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கிறது. முப்பது கிலோமீட்டர் வாக்கில் பலருக்கு அந்த இருப்பு தீர்ந்துபோகிறது. ஓடுகிறவர்கள் அதைச் "சுவரில் மோதுவது" என்பார்கள். நம்ம ரோட்டில் சொன்னால், விழுப்புரத்தில் புறப்பட்டவன் கூட்டேரிப்பட்டு தாண்டி நிற்கிறான். வந்த தூரம் திரும்ப முடியாது. திண்டிவனமும் கண்ணுக்குத் தெரியாது. புறப்படுகிற இடத்தில் எல்லோரும் கை தட்டுவார்கள், முடிகிற இடத்திலும் தட்டுவார்கள். ஆள் வேண்டியது கூட்டேரிப்பட்டில்! (பலத்த கைதட்டல்)

இப்படித் திட்டம் போட்டுக்கிட்டிருக்கும்போதுதான் வந்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் கடைசி. உங்களுக்கு நான் சொல்லணுமா? மயிலத்துல ஒரே நாள்ல அரை மீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல பாலத்தைத் தொட்டுக்கிட்டு வெள்ளம் போய், ரயிலையே நிறுத்தினாங்க. எங்க வீட்டுல முழங்கால் தண்ணி. எதிரணி கேட்பாங்க: "புயல் வந்தா உங்க திட்டம் என்னாகும்?" நானும் அதைத்தான் கேட்டேன். பொண்ணு போன் பண்ணி, "வீடு கிடக்கிற கிடப்புல நீங்க வர வேண்டாம்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" அப்படின்னா. அரிசி மூட்டையைப் பரண்ல ஏத்திக்கிட்டிருந்த மனுஷன், அந்த நோட்டையும் பாலிதீன் பையில சுத்தி பரண்ல வச்சார். போனை வாங்கி, "ஏழே முக்காலுக்கு முப்பதாவது கிலோமீட்டர்ல நிப்போம்" அப்படின்னார். அவ்வளவுதான் சொன்னார். அவர் மகள் ஓடுறதைப் பத்தி அவகிட்ட பேசின முதல் வார்த்தை அது.

(கைதட்டல்)

ஐயா, நினைத்தவுடன் புறப்படுகிற ஆசை புயல் வந்தால் மறந்துபோகும். தேதி குறித்து, இடம் குறித்து, வார்த்தை கொடுத்த திட்டம் பரணில் ஏறியாவது பிழைத்துக்கொள்ளும்!

என்ன திட்டம் போட்டோம்? முதலாவது, முதல் நாள் சாயங்காலமே போயிடணும். இப்ப நம்ம பக்கத்து பஸ்ஸெல்லாம் கிளாம்பாக்கத்துல நின்னுடுது. அங்கேயிருந்து நேப்பியர் பாலம் முப்பது கிலோமீட்டருக்கு மேல. நாங்க திருவான்மியூர்ல ஒண்ணுவிட்ட தம்பி வீட்டுல தங்கினோம். புறப்படுற இடத்தைத்தான் பார்க்கணும்னா, அன்னிக்கு மெட்ரோ ரயிலை அதிகாலை மூணு மணிக்கே விட்டாங்க. எந்தெந்த ரோடு மூடுவாங்கன்னு போக்குவரத்துப் போலீஸ் முன்கூட்டியே அறிவிப்பாங்க. அதைப் பேப்பர்ல பார்த்து வெட்டி வச்சுக்கணும். பாதையும் நேரமும் வருஷத்துக்கு வருஷம் மாறலாம். பழைய மேப்பை நம்பிப் போய் நிக்கக்கூடாது.

ரெண்டாவது, அஞ்சு இடத்துல பார்க்கணும்னு ஆசைப்படக்கூடாது. ரெண்டே இடம். ரோட்டுக்கு இடது பக்கமா, வலது பக்கமான்னு ஓடுறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடணும்.

மூணாவது, நாம அவங்களைக் கண்டுபிடிக்கிறதைவிட முக்கியம், அவங்க நம்மைக் கண்டுபிடிக்கிறது. எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணார் தெரியுமா? தன்னோட பழைய வெள்ளை வேட்டியை ரெண்டாக் கிழிச்சார். சிவப்பு பெயின்ட்ல முழ உயர எழுத்து: "பாப்பா, அப்பா இங்கே!" (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

நாலாவது, கையில என்ன வேணும்? நமக்குத் தண்ணி, தொப்பி, உட்கார ஒரு பழைய பெட்ஷீட். பெரியவங்க கூட வந்தா, கழிப்பறை எங்க இருக்குன்னு முதல்லயே பார்த்து வைக்கணும். ஓடி முடிக்கிறவங்களுக்கு வாழைப்பழம், உப்புப் போட்ட மோர், உலர்ந்த துண்டு, ரப்பர் செருப்பு. கால் வீங்கி இருக்கும். ஷூவைக் கழட்டினதும் அந்தச் செருப்பு தங்கம் மாதிரி. கட்டுச்சோறு நமக்கு மட்டும். இந்தத் தடவை உப்புப் போட்டேன்! (சிரிப்பு)

அஞ்சாவது, ரோட்டுக்குள்ள இறங்கக்கூடாது. அதே 1908 லண்டன் ஒலிம்பிக்கில் டொரான்டோ பியத்ரி என்ற இத்தாலிக்காரர் முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்தார். மயங்கி மயங்கி விழுந்தார். பார்க்கப் பொறுக்காமல் அதிகாரிகள் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார்கள். முதலில் கோட்டைத் தாண்டியும், உதவி பெற்றதற்காக அவரை நீக்கிவிட்டார்கள். தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குப் போனது. மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா மனமிரங்கி பியத்ரிக்கு ஒரு கோப்பை கொடுத்தார். தாங்கிப் பிடித்தவர்களின் அன்பில் குறையில்லை. யோசிக்காமல் நீட்டிய கை, அவர் கழுத்துக்கு வரவேண்டிய பதக்கத்தைத் தட்டிவிட்டது! (கைதட்டல்)

அன்னிக்குக் காலையில 7.20-க்கு நாங்க ரோட்டோரத்துல. 7.30... 7.40... எங்க வீட்டுக்காரர் கை நடுங்குது. வேட்டி ஆடுது. 7.48. வர்றா ஐயா! ஓடலை, நடந்து வர்றா. தலை குனிஞ்சிருக்கு. இவர் கத்தினார் பாருங்க, "பாப்பா!" அப்படின்னு. நாப்பது வருஷக் குடித்தனத்துல அந்தக் குரலை நான் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தா. வேட்டியைப் பார்த்தா. அப்பாவைப் பார்த்தா. அழுதுக்கிட்டே சிரிச்சா. அப்புறம் ஓட ஆரம்பிச்சா.

(பலத்த கைதட்டல்)

எவ்வளவு நேரம் பார்த்தோம்? அவ ஓடுற வேகத்துக்கு, கண்ணெதிரே இருக்கிற 25 மீட்டரைக் கடக்கப் பத்து விநாடி. ஒரு மாசத் திட்டம், ராத்திரித் தூக்கம், ஒரு வேட்டி, எல்லாம் அந்தப் பத்து விநாடிக்கு! எதிரணி நண்பர்களே, நீங்க கேட்கலாம்: "பத்து விநாடிக்கு இவ்வளவு தேவையா?" கல்யாணத்துல தாலி கட்டுறது எத்தனை விநாடி? அதுக்கு எத்தனை மாசம் திட்டம்? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

"திட்டம் போட்டா எதிர்பாராத சந்தோஷம் கிடைக்காது" என்று தம்பி சொன்னார். கேளுங்க. எங்க பொண்ணு போயிட்டா. நமக்குத்தான் எட்டு மணி வரைக்கும் திட்டம் இருக்கே, நின்னோம். அறுபது வயசுக்கு மேல ஒரு பெரியவர், காலை இழுத்து இழுத்து வந்தார். அவருக்குன்னு யாரும் நிக்கலை. நெஞ்சுல குத்தியிருந்த அட்டையில பேர் இருந்தது. எங்க வீட்டுக்காரர் அதைப் படிச்சு, "ஐயா வாங்க! இன்னும் கொஞ்சம்தான் வாங்க!" அப்படின்னு சத்தம் போட்டார். அந்தப் பெரியவர் ஒரு நிமிஷம் திகைச்சு நின்னு, ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுட்டுப் போனார். அதை நாங்க நோட்டுல எழுதலை. ஆனா எதிர்பாராத சந்தோஷம்கூட, எதிர்பார்த்து வந்து நின்னவங்களுக்குத்தான் கிடைக்குது! (நீண்ட கைதட்டல்)

அப்புறம் நாங்க எட்டு மணிக்கு அங்கேருந்து நகரலை. எட்டரை வரைக்கும் நின்னு, வந்தவங்க பேரையெல்லாம் படிச்சுப் படிச்சுக் கூப்பிட்டார். நான் கையைப் பிடிச்சு இழுக்காத குறை! முடிவுக் கோட்டுக்கு 9.05-க்குப் போய்ச் சேர்ந்தோம். 9.16-க்குப் பொண்ணு வந்தா. எந்த மரத்தடியில சந்திக்கணும்னு முதல்லயே பேசி வச்சிருந்ததால, கூட்டத்துல தேடவும் வேண்டியிருக்கலை. அந்தத் தடவை மெடலோட போட்டோ எடுத்தது அவங்க அப்பா. தலையை வெட்டி எடுத்திருந்தார், அது வேற விஷயம். (சிரிப்பு)

சென்னை வரைக்கும் போக முடியாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நம்ம ஜில்லாவிலேயே, வானூர் பக்கம் ஆரோவில்லில், 2008-இல் ஒரு மராத்தான் தொடங்கினார்கள். பிப்ரவரி மாதம், செம்மண் பாதையில் ஓடுவார்கள். பரிசு கிடையாது, முதல் இடம், கடைசி இடம் என்கிற வரிசையும் கிடையாது. ஒரு காலை நேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். தேதியை விசாரித்து, இடத்தைக் குறித்து, திட்டமிட்டுப் போங்கள்!

நடுவர் அவர்களே! நினைத்தவுடன் புறப்படுகிற பயணம் நம் ஆசைக்காக நாம் போவது, அதில் தப்பில்லை. திட்டமிட்டுப் போகிற பயணத்தில், போகிற இடத்தில் இன்னொருவருக்கு எந்த நேரத்தில் நாம் தேவைப்படுவோம் என்று முதலிலேயே நினைத்துப் பார்க்கிறோம். முதல் வருஷம் நாங்கள் சென்னைக்குத்தான் போனோம். இரண்டாவது வருஷம் எங்கள் மகளிடம் போய்ச் சேர்ந்தோம். ஆகவே, மகிழ்ச்சி தருவது திட்டமிட்டுப் போவதே, திட்டமிட்டுப் போவதே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)

நடுவர்: அம்மா, ஒரு நிமிஷம். அந்த மீதிப் பாதி வேட்டி என்னாச்சு?

பரண்ல பத்திரமா இருக்குங்க ஐயா. அதுவும் திட்டத்துல இருக்கு!

(சிரிப்பு, கைதட்டல்)